சிறுநகர நிருபர் ஐடா பி. வெல்ஸ்: செய்தியும் தொண்டும்



நினைவுச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் தலைவர்களுக்காக நடக்கின்றன. ஒரு செய்தியாளரை நினைவுகூர நாம் கூடுவது அரிது. சிறுநகரத்திலிருந்து எழுதியவர் என்றால் இன்னும் அரிது. ஆனால் நம் மக்கள் மீது நடக்கும் ஒரு தாக்குதலை வெளியுலகம் முதலில் தெரிந்துகொள்வது இவரைப் போன்றவர் வழியாகத்தான். காலையில் காவல் நிலையம், பகலில் அரசு மருத்துவமனை, மாலையில் கட்சிக் கூட்டம் என்று அலைபவர் அவர். பல பத்திரிகைகளில் அவருக்கு மாதச் சம்பளம்கூடக் கிடையாது. பகுதி நேர நிருபர் என்பதே அவருடைய பதவி. அவர் எழுதும் பத்து வரியில் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று இருந்தால், சேரிக்குள் புகுந்து வீடுகளை உடைத்த சம்பவம்கூட மோதலாகிவிடுகிறது. அடுத்த நாள் மாவட்டத் தலைநகரில் படிப்பவர்கள் அதை அப்படியே நம்புகிறார்கள். வழக்கும் பல நேரங்களில் இரு தரப்பு மீதும் பதிவாகிறது.

இந்தப் பத்து வரியை வேறுவிதமாக எழுத முடியும் என்று செய்து காட்டிய ஒருவரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அவர் இந்தியர் அல்ல. அமெரிக்காவின் தென்மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண், ஐடா பி. வெல்ஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் நமக்குப் புதியது அல்ல. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் அந்தப் போராட்டத்தின் தலைவர்களை அறிந்த அளவுக்கு அதன் நிருபர்களை நாம் அறியவில்லை.

ஆசிரியை நிருபரான கதை

ஐடா 1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா தச்சர், அம்மா சமையல்காரர். ஐடாவுக்கு 16 வயதானபோது, 1878-இல், மஞ்சள் காய்ச்சல் பரவியது. பெற்றோர் இருவரும் ஒரு தம்பியும் இறந்தார்கள். எஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் பிரித்து விடலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். ஐடா மறுத்தார். வயதைக் கூட்டிச் சொல்லிப் பள்ளி ஆசிரியை வேலையில் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

பிறகு டென்னஸி மாநிலத்தின் மெம்பிஸ் நகரத்துக்கு வந்தார். 1890 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 64 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். நம் கணக்கில் ஒரு நகராட்சி. அங்கே ரயிலில் பெண்கள் பெட்டிக்குப் பயணச்சீட்டு வாங்கி உட்கார்ந்தவரைக் கறுப்பினத்தவர் என்பதால் இழுத்து வெளியேற்றினார்கள். அவர் ரயில் கம்பெனி மீது வழக்குப் போட்டார். 1884-இல் கீழ் நீதிமன்றம் அவருக்கு 500 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 1887-இல் டென்னஸி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இந்த வழக்கைப் பற்றித் தேவாலய வாரப் பத்திரிகை ஒன்றில் எழுதியதில்தான் அவருடைய எழுத்து வாழ்க்கை தொடங்கியது. ‘அயோலா’ என்ற புனைபெயரில் எழுதினார். 1889-இல் மெம்பிஸில் வெளிவந்த ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற கறுப்பினப் பத்திரிகையில் பங்கு வாங்கி அதன் ஆசிரியரானார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமாக நடத்தப்படுகின்றன என்று அதில் எழுதியதற்காக 1891-இல் பள்ளி வேலை போனது. அன்று முதல் பத்திரிகையே வேலை, அதுவே வருமானம்.

ஒரு மளிகைக் கடை

அடுத்த ஆண்டு நடந்ததுதான் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. மெம்பிஸின் எல்லைப் பகுதியில் கறுப்பினத்தவர் சிலர் சேர்ந்து ‘பீப்பிள்ஸ் கிராசரி’ என்ற மளிகைக் கடையை நடத்தினார்கள். அதன் தலைவர் தாமஸ் மாஸ், பகலில் தபால்காரர். ஐடாவுக்கு நெருங்கிய நண்பர். அவருடைய மகளுக்கு ஐடா ஞானத்தாய். அதே பகுதியில் வெள்ளையர் ஒருவரும் மளிகைக் கடை வைத்திருந்தார். புதிய கடை வந்ததும் அவருடைய வியாபாரம் படுத்தது.

சிறுவர்களுக்கு இடையே கோலி விளையாட்டில் தொடங்கிய சண்டை பெரியவர்களின் சண்டையாயிற்று. ஒரு சனிக்கிழமை இரவு, சாதாரண உடையில் ஆயுதத்தோடு வந்த வெள்ளையர்கள் கடைக்குள் நுழைந்தார்கள். கடையில் இருந்தவர்கள் சுட்டார்கள். வந்தவர்களில் மூவருக்குக் காயம். மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1892 மார்ச் 9 விடியற்காலை ஒரு கும்பல் சிறையிலிருந்து அவர்களை இழுத்துச் சென்று ரயில் பாதை ஓரத்தில் சுட்டுக் கொன்றது. கொலை எப்படி நடந்தது என்ற விவரமெல்லாம் வெள்ளையர் பத்திரிகைகளில் வந்தது. கொன்றவர் யார் என்பது மட்டும் வரவில்லை. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கும்பல் கொலைக்குத் தென்மாநிலங்களில் சொல்லப்பட்ட வழக்கமான காரணம், கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுக்கிறார்கள் என்பது. ஐடாவும் அதுவரை இதை ஓரளவு நம்பியிருந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கொலை சட்டவிரோதம்தான், ஆனால் ஏதோ ஒரு குற்றத்தின் மீதான கோபம் என்று நினைத்திருந்தார். தாமஸ் மாஸைப் பொறுத்தவரை அந்தக் கதை எடுபடவில்லை. அவரை ஐடாவுக்குத் தெரியும். அவர் செய்த ‘குற்றம்’ மளிகைக் கடை நன்றாக நடத்தியது. இவரைக் கொல்லக் காரணம் வியாபாரம் என்றால், மற்றவர்களைக் கொன்றதற்கு என்ன காரணம்? இந்தக் கேள்வி அவருக்குத் தொலைவிலிருந்து பார்த்து வந்ததல்ல. கொல்லப்பட்டவரின் வீட்டுக்குப் போய்வரும் ஒருத்திக்கு வந்தது.

ஐடா ‘ஃப்ரீ ஸ்பீச்’ இதழில் மக்களை நகரத்தை விட்டு மேற்கே போகச் சொன்னார். ஆயிரக்கணக்கானவர்கள் ஓக்லஹோமா பக்கம் கிளம்பினார்கள். இருந்தவர்களை டிராம் வண்டியில் ஏறாதீர்கள் என்றார். வருமானம் குறைந்த டிராம் கம்பெனிக்காரர்கள் அவருடைய அலுவலகத்துக்கே வந்து, மக்களை மறுபடியும் ஏறச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அவர் அதற்கு நேர்மாறாகத் தேவாலயங்களுக்குப் போய்ப் புறக்கணிப்பைத் தொடரும்படி பேசினார். எழுதுவது ஒரு கையில், அமைப்பைத் திரட்டுவது மறு கையில் என்று அவருடைய வேலைமுறை இங்கிருந்து தொடங்குகிறது.

அந்த ஆண்டு மே மாதம், பலாத்காரப் புகார் என்ற பழைய பொய்யை இனி யாரும் நம்பமாட்டார்கள் என்ற பொருளில் ஒரு சிறு தலையங்கம் எழுதினார். வெள்ளையர் பத்திரிகைகள் எழுதியவரைப் பகிரங்கமாக மிரட்டின. அதில் ஒன்று, எழுதியவர் ஆண் என்றே நினைத்துக்கொண்டது. கும்பல் பத்திரிகை அலுவலகத்தை அழித்தது. அப்போது அவர் வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். திரும்பி வந்தால் கொலை என்று செய்தி வந்தது. நியூயார்க்கிலேயே தங்கி, ‘நியூயார்க் ஏஜ்’ இதழில் எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதிய முறை

ஐடாவின் துணிச்சலைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். ஆர்வலர்களும் மாணவர்களுமான நமக்கு அதைவிடப் பயன்படுவது அவருடைய முறை. 1892-இல் வந்த ‘சதர்ன் ஹாரர்ஸ்’, 1895-இல் வந்த ‘எ ரெட் ரெக்கார்ட்’ என்ற இரண்டு சிறு வெளியீடுகளில் அதைக் காணலாம். முதல் வெளியீட்டுக்கான பணத்தை நியூயார்க், புரூக்ளின் கறுப்பினப் பெண்கள் 1892 அக்டோபரில் ஒரு கூட்டம் நடத்தித் திரட்டித் தந்தார்கள்.

முதலாவதாக, எதிர்த் தரப்பின் பத்திரிகையையே சாட்சியாக்கினார். கறுப்பினத்தவர் சொல்லும் எண்ணிக்கையை மிகை என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ டிரிப்யூன்’ ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலை எடுத்துக்கொண்டார். அதன்படி 1892-இல் கும்பல் கொலைக்கு ஆளானவர்கள் 241 பேர். அவர்களில் 160 பேர் கறுப்பினத்தவர். எண்ணிக்கையை யாராலும் மறுக்க முடியவில்லை.

இரண்டாவதாக, ஒவ்வொரு கொலைக்கும் பெயர், தேதி, ஊர், சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை எழுதினார். காரணவாரியாகப் பிரித்தார். அப்போது தெரிந்தது, கொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் பலாத்காரப் புகாரே இருந்தது. புகார் என்பதே நிரூபணம் அல்ல. அந்தப் புகார்கூட மற்றவர்கள் மீது கிடையாது. பட்டியலை வெறுமனே அடுக்கியதால் இது தெரியவரவில்லை, பிரித்து எண்ணியதால் தெரியவந்தது.

மூன்றாவதாக, பணத்தைத் தேடினார். யாருக்குக் கடை இருந்தது, யாருக்கு நிலம் இருந்தது, யார் கூலி கேட்டார், யார் ஓட்டுப் போட்டார் என்று கேட்டார். ‘ஒழுக்கம்’ பற்றிய கதைக்குப் பின்னால் சொத்தும் அதிகாரமும் இருப்பது அப்படித் தெரிந்தது. நமக்கு இது புரியும். 2006 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் போட்மாங்கே குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அதையும் முதலில் கள்ள உறவு விவகாரம் என்றுதான் பேசினார்கள். நிலத்தகராறும் சாதியும் பின்னால்தான் பேச்சுக்கு வந்தன. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளின் கீழ் தண்டனை கிடைக்கவில்லை. முதல் நாள் செய்தி எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள்.

தொண்டு செய்த இடம்

1895-இல் ஐடா சிகாகோவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார். பிள்ளைகள் பிறந்தார்கள். 1908-இல் இல்லினாய் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் கறுப்பினத்தவர் மீது கலவரம் நடந்தது. அப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்களுக்கு வேதாகம வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். இதற்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்று அந்த இளைஞர்களிடம் கேட்டார். வீட்டில் கூடிப் பேசத் தொடங்கிய அந்தக் குழுவே ‘நீக்ரோ ஃபெலோஷிப் லீக்’ ஆனது. 1910-இல் சிகாகோவின் ஸ்டேட் தெருவில் ஒரு இடத்தை வாடகைக்குப் பிடித்து, வாசகசாலை, தங்குமிடம், வேலை தேடித்தரும் அலுவலகம் மூன்றையும் நடத்தினார்கள். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த இளைஞர்களுக்கு அந்த ஊரில் வேறு புகலிடம் பெரிதாகக் கிடையாது. நன்கொடை நின்றபோது, நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து அந்தச் சம்பளத்தைக் கொண்டு இடத்தைக் காப்பாற்றினார். 1920 வரை அது நடந்தது.

இதைத் தனித் தொண்டாகவும் அவருடைய எழுத்தைத் தனித் தொழிலாகவும் பார்த்தால் தவறிவிடுவோம். 1909 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள கெய்ரோ என்ற சிறு ஊரில், வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஷெரிஃபின் காவலிலிருந்து கும்பல் பறித்துக் கொன்றது. கைதியைக் கும்பலிடம் பறிகொடுத்த ஷெரிஃப் பதவி இழப்பார் என்று 1905-இல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்திருந்தது. அதன்படி ஷெரிஃபின் பதவி போனது. ஆனால் கடமையைச் செய்தேன் என்று ஆளுநரிடம் நிரூபித்தால் பதவியைத் திரும்பப் பெறலாம். ஷெரிஃப் விண்ணப்பித்தார். அவருக்கு ஆதரவாகக் கெய்ரோவின் கறுப்பினப் பிரமுகர்களே கடிதம் கொடுத்திருந்தார்கள். அவர் அவர்களில் சிலருக்கு வேலை போட்டுக் கொடுத்தவர்.

எதிர்த்துப் பேச ஆளில்லை. ஐடாவும் முதலில் தயங்கினார். நீங்கள் போகாவிட்டால் வேறு யார் போவார்கள் என்று மகன் கேட்ட பிறகு ரயிலேறினார். கெய்ரோவில் வீடு வீடாகப் பேசினார். சம்பவ இடங்களைப் பார்த்தார். கைதியைக் காக்க ஷெரிஃப் கூடுதல் ஆட்களைத் திரட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டார். தேவாலயத்தில் கூட்டம் போட்டு, ஆதரவுக் கடிதம் கொடுத்தவர்களிடமே பேசினார்: இன்று இந்த அதிகாரியை மன்னித்தால் நாளை இன்னொரு கும்பலுக்கு வழி திறந்துவிடுவோம் என்பது அவர் வாதம். மக்கள் தீர்மானத்தில் கையெழுத்திட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு ஆளுநர் சார்ல்ஸ் டெனீன் முன் ஷெரிஃபின் வழக்கறிஞருக்கு எதிராக நின்று வாதாடினார். ஆளுநர் ஷெரிஃபுக்குப் பதவியைத் திருப்பித் தரவில்லை.

நிருபரின் வேலை எங்கே முடிந்தது, தொண்டரின் வேலை எங்கே தொடங்கியது என்று இதில் பிரிக்க முடியுமா? தகவல் சேகரித்தது நிருபரின் பயிற்சி. பயந்திருந்த மக்கள் அவரிடம் மனம் மாறிக் கையெழுத்திட்டது தொண்டருக்குக் கிடைத்த நம்பிக்கை. ஒன்று இல்லாமல் மற்றொன்றால் அந்த வழக்கில் வென்றிருக்க முடியாது.

பத்தாண்டு கழித்து மறுபடியும் இதைச் செய்தார். 1919-இல் ஆர்கன்சாவின் எலெய்ன் பகுதியில் குத்தகைப் பருத்தி விவசாயிகள் நியாயமான கணக்குக் கேட்டுச் சங்கம் அமைத்தார்கள். தாக்குதலில் பெருந்தொகையான கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். பத்திரிகைகள் இதைக் கறுப்பினத்தவரின் கலகம் என்று எழுதின. மரண தண்டனை விதிக்கப்பட்டதோ கறுப்பினத்தவர் 12 பேருக்கு. ஐடா, கைதிகளின் மனைவிமார், தாய்மாரோடு சேர்ந்து, உறவுக்காரி என்று சொல்லிச் சிறைக்குள் போனார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தென்மாநிலத்தில் அப்போதுதான் கால் வைத்தார். ஒவ்வொருவருக்கும் எத்தனை ஏக்கர், எத்தனை பேல் பருத்தி, பறிபோனது எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து வெளியிட்டார். வழக்கறிஞர்களும் அமைப்புகளும் தொடர்ந்து போராடினார்கள். 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 1925-க்குள் 12 பேரும் விடுதலையானார்கள்.

நமக்கு என்ன வேலை

1996-இல் வாஷிங்டன் போஸ்டின் டெல்லி நிருபர் கென்னத் கூப்பர், தனக்கு ஒரு தலித் பத்திரிகையாளரை அறிமுகப்படுத்த முடியுமா என்று பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் கேட்டார். கூப்பர் கறுப்பினத்தவர். உனியால் டெல்லியின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினார். ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை அவரே ‘பயனியர்’ நாளிதழில் எழுதினார். நமக்குப் பத்திரிகை மரபே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. ‘ஃப்ரீ ஸ்பீச்’ அழிக்கப்பட்ட மறு ஆண்டு, 1893-இல், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. 1920-இல் அண்ணலின் ‘மூக்நாயக்’ வந்தது. நாம் பத்திரிகை நடத்தினோம். பெரிய பத்திரிகைகளின் வாசல்தான் நமக்கு மூடியிருந்தது.

இன்று கையில் கைப்பேசி இருக்கிறது. செய்தி உடனே பரவுகிறது. பரவிய செய்தி சான்றாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஐடாவின் முறையை வைத்து, ஒவ்வொரு பகுதியிலும் நம் மாணவர்கள் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

வன்கொடுமை நடந்த இடத்துக்கு அன்றே போங்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சாதி, எந்த நிலம் அல்லது எந்தக் கூலி என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘மோதல்’ என்ற சொல்லை எழுதும் முன், யார் யாருடைய தெருவுக்குள் நுழைந்தார்கள் என்று எழுதுங்கள். மற்றப் பத்திரிகைகளில் வந்ததையும் தேதியோடு வெட்டி வையுங்கள். அவர்கள் எழுதியதே நமக்குச் சான்றாகும்.

அதிகாரியின் கடமையைச் செய்தியில் கொண்டுவாருங்கள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பின், அரசு அலுவலரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது: புகாரைப் பதிவு செய்வது, சொன்னதை எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, நகல் தருவது, 60 நாட்களுக்குள் விசாரணையை முடிப்பது. வேண்டுமென்றே தவறினால் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அலுவலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் நிர்வாக விசாரணை பரிந்துரைத்தால்தான் அந்த வழக்கு நகரும். கெய்ரோவைப் போலவே இங்கும் யாராவது போய் ஆவணத்தோடு நிற்க வேண்டும். ‘புகாரை வாங்க மறுத்தனர்’ என்று எழுதுவது போதாது; எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பொறுப்பில் இருந்தவர் மறுத்தார் என்று எழுதினால் அது அடுத்த மனுவுக்கு ஆதாரம். 1995 விதிகளின் 17-ஆம் விதிப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூடியதா என்று கேட்பதே ஒரு செய்தி.

கடைசியாக, எழுதியதைப் பாதுகாப்பது. ஐடா 1931 மார்ச் 25 அன்று இறந்தார். தன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அது பாதி வாக்கியத்தில் நிற்கிறது. அந்தக் கையெழுத்துப் பிரதியை மகள் ஆல்ஃப்ரெடா பாதுகாத்து, 1970-இல்தான் நூலாகக் கொண்டுவர முடிந்தது. 2020-இல் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022 மார்ச்சில் நிறைவேறியது. இவ்வளவு காலம் கழித்தும் அவர் பேசுகிறார் என்றால், மகள் அந்தத் தாள்களைப் பழைய காகிதக்காரருக்குப் போடவில்லை என்பதும் ஒரு காரணம்.

நம் சிறுநகர நிருபர்கள் எழுதியது பல நேரங்களில் மாவட்டப் பதிப்பில் மட்டும் வந்தது. அது அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், மஞ்சள் பூத்த கட்டுகளாக இருக்கிறது. வன்கொடுமை வழக்கில் சாட்சி சொன்னவர்களின் குறிப்பேடுகளும், உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளும் அப்படியே கிடக்கின்றன. இந்தக் கூட்டம் முடிந்து ஊருக்குப் போகும் மாணவர்கள், உங்கள் பகுதியில் அப்படி எழுதிய ஒருவரின் வீட்டுக்குப் போங்கள். அவர் இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் வீட்டாரிடமும் அனுமதி கேட்டு, ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, தேதியும் ஊரும் எழுதி அடுக்குங்கள். வரும் ஆண்டு இதே நாளில் அந்தப் பட்டியலை இங்கே வாசிப்போம்.